கல்வராயன் மலையை இணையத்தில் தேடினால் என்ன சிக்கும், தெரியுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இன்னும் பத்து வயதுகூட நிறையவில்லை. 2019 நவம்பர் 26-இல்தான் பிறந்தது. ஆனால் திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு மலைக்குகையில் வெட்டியிருக்கும் ஒரே ஒரு வரி, மாமன்னன் அசோகன் விட்டுப்போன புதிர் ஒன்றை அவிழ்த்தது, தெரியுமா?

ஊர்பேர் ஜம்பை. அசோகன் தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் தெற்கே தன் ஆட்சிக்கு வெளியே இருந்தவர்களை வரிசையாகச் சொல்கிறான்: சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர். மூன்று பேரை எல்லோருக்கும் தெரியும். நடுவில் இந்தச் சதியபுத்திரர் யார்? ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் பிராமி எழுத்தைப் படித்த நாளிலிருந்து அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மராட்டியப் பகுதியைச் சொன்னவர் உண்டு, துளுநாட்டைச் சொன்னவர் உண்டு, கோசர் என்றவரும் உண்டு. 1981-இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஜம்பைக் குகையில் ஒரு தமிழ் பிராமி வரியைக் கண்டார்கள். அப்போது துறையின் இயக்குநர் இரா. நாகசாமி. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி இது என்கிறது அந்த வரி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனாக நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே அதியமான் அஞ்சி! அசோகன் சொன்ன சதியபுத்திரர் நம் அதியமான்கள். முடிந்தது வழக்கு.

நான் படித்த காலத்தில் வரலாற்று ஆசிரியர் இதைச் சொல்லியிருந்தால் நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. இன்று? ஒரே திரையில் நான்கு ஜன்னல்களைத் திறக்கலாம். ஒன்றில் ஜம்பைப் பாறையின் படம். இன்னொன்றில் கிர்னார் பாறையில் அசோகன் வெட்டிய வாசகம். மூன்றாவதில் புறநானூறு. நான்காவதில் வரைபடம், ஜம்பையிலிருந்து தகடூர், அதாவது தர்மபுரி, எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து பார்க்க. அதியமானின் ஊர் அங்கே. அவன் பெயர் பெண்ணையாற்றங்கரையில் எப்படி? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் அன்றைய பாடம் அதோடு தானே நடக்கும். (விடைக்கு அருகில் போக விரும்புகிறவர்கள், கோவலூரை அஞ்சி வென்ற செய்தி புறநானூற்றில் எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.)

அந்தப் புறநானூறு இணையத்துக்கு எப்படி வந்தது, தெரியுமா? 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் போட்ட வழி அது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில், உலகம் முழுக்கச் சிதறியிருந்த தமிழர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சம்பளம் இல்லாமல், ஒரு புத்தகத்தை ஒருவர் தட்டச்சு செய்ய இன்னொருவர் பிழை பார்க்க, அப்படி அப்படியே சேர்ந்த நூலகம். யூனிகோடு பரவாத காலம்! அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் 2000 வாக்கில் பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரை ஒன்றை அண்மையில் திறந்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. கல்வெட்டு ஆயிரம் ஆண்டு நிற்கிறது. என் கோப்பு இருபத்தைந்து ஆண்டு தாங்கவில்லை.

சரி, இப்போது உங்கள் கைப்பேசியை எடுங்கள். தியாகதுருகம் கோட்டையின் வரலாற்றைத் தேடுங்கள். தமிழில் தேடினால் சில சுற்றுலாக் குறிப்புகள். ஆங்கிலத்தில் இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னக் கோட்டை, செய்தி இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். அங்கேதான் ஏமாற்றம்! பதினெட்டாம் நூற்றாண்டில் ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றில் இந்தக் கோட்டைக்குத் 'தியாகர்' என்று பெயர். அந்தப் பெயரில் தேடினால் பக்கம் பக்கமாக வந்து விழுகிறது. 1760-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஆங்கிலேயரை எதிர்க்கத் துணைக்கு வந்த ஹைதர் அலியின் மைசூர்ப் படையிடம் இந்தக் கோட்டையை ஒப்படைத்ததும், 1761-இல் பாண்டிச்சேரி விழுந்த கையோடு இதுவும் ஆங்கிலேயரிடம் பணிந்ததும், இன்று சேலம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோமே அந்த மொட்டைப் பாறையில் நடந்த சங்கதிகள்.

ஓர்மின் புத்தகத்தில் திருவண்ணாமலை 'திரினோமலி'. விருத்தாசலம் 'வெர்தாச்செலம்'. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எலவானாசூர் 'எலவனசோர்'. இதற்கு மேலும் ஒரு கூத்து உண்டு. அந்தக் கால அச்சில் ஆங்கில 'எஸ்' எழுத்து சொல்லின் நடுவில் வந்தால் நீட்டி வளைத்து 'எஃப்' போலவே அச்சிடுவார்கள். பழைய பதிப்பை வருடி எழுத்துணரி மென்பொருளில் போட்டால் அது எலவனசோரை 'எலவனஃபோர்' என்று படித்து வைக்கும்! நீங்கள் சரியான எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. தப்பாகத் தேடத் தெரிந்தால் கிடைக்கும். வரலாற்று மாணவர்களுக்கு இன்று சொல்லித்தர வேண்டிய முதல் வித்தை இதுதான் என்பேன். ஒவ்வொரு ஊருக்கும் பழைய பெயர், வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த பெயர், இயந்திரத்தின் கண்ணுக்குப் பட்ட பெயர் என்று ஒரு பட்டியல் போட்டு நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெயர்ச் சிக்கல் ஊரோடு முடிந்ததா? மாவட்டத்துக்கும் அதே கதி. 2019 வரை விழுப்புரம். விழுப்புரமே 1993 செப்டம்பர் 30-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் தென்னாற்காடு. இன்னும் பின்னே போய்ச் சோழர் காலத்துக்குள் நுழைந்தால் இந்த வட்டாரத்தின் மேற்குப் பகுதி மகதை மண்டலம்; ஆறகளூரில் இருந்துகொண்டு வாணகோவரையர்கள் ஆண்ட நிலம். 'கள்ளக்குறிச்சி' என்று மட்டும் தேடுகிறவருக்கு ஆறேழு ஆண்டு வரலாறுதான் கிடைக்கும்.

அடுத்தது, நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத ஒன்று. கபிலர் உயிர்விட்ட இடம் என்று திருக்கோவிலூரில் பெண்ணையாற்றின் நடுவே ஒரு குன்றைக் காட்டுவார்கள். தண்ணீர் இல்லாத கோடையில் மணலில் நடந்தே போகலாம். வழிகாட்டி சொல்வது கதையா வரலாறா என்ற சந்தேகம் யாருக்கும் வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கிருந்தவர்கள் இதைக் கல்லில் எழுதிவைத்தார்கள், தெரியுமா? வீரட்டேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துப் பாட்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததையும், அந்தக் கல்லுக்குக் கபிலக்கல் என்று பெயர் வந்ததையும் அது சொல்கிறது. அதே கல்வெட்டில் இராசராசனைப் பெற்ற வானவன் மாதேவி கணவனோடு தீப்பாய்ந்த செய்தியும் வருகிறது. அவள் மலையமான் குலத்துப் பெண். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனுக்குத் திருக்கோவிலூர் தாய்வழி ஊர்!

இந்தக் கல்வெட்டைத் தேட நான் பட்ட பாடு தனிக்கதை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890-இல் ஹுல்ட்ஷ் பதிப்பில் வந்தது. நமக்கு வேண்டியது 1932-இல் வந்த ஏழாம் தொகுதியில் இருக்கிறது. அந்தப் புத்தகம் இணையத்தில் இலவசம். 'திருக்கோவிலூர்' என்று தேடினேன். வேறு கோயில்தான் வந்தது. ஒருநாள் முழுக்கப் போனது. பிறகு உறைத்தது: கல்வெட்டுத் துறைக்காரர்கள் அந்தக் கோயிலைக் 'கீழூர்' என்ற தலைப்பில் போட்டிருக்கிறார்கள். கோயில் இருக்கிற தெருக்கோடிக்கு அதுதான் பெயர். உள்ளூர்க்காரரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். என் மடிக்கணினிக்குத் தெரியவில்லை.

அதை எழுதுவித்த அதிகாரியின் பெயரையும் கவனியுங்கள்: கம்பன் மணியனான விக்கிரமசிங்க மூவேந்தவேளான். இந்த 'மூவேந்தவேளான்' என்ற பட்டத்தைப் பின்தொடர்ந்து போனால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. சோழர் கல்வெட்டுகளைக் கணினியில் போட்டு அலசியது எப்போது என்று நினைக்கிறீர்கள்? இணையம் வந்த பிறகா? இல்லவே இல்லை. ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா, நம் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் கணினிக்குக் கொடுத்து, அகரவரிசைப்படுத்தி, 1978-இலேயே மூன்று தொகுதிகளாக வெளியிட்டுவிட்டார்கள்! நம் ஊரில் பலரும் கணினி என்ற பொருளைக் கண்ணால் பார்க்காத காலம். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளின் தொடரடைவைக் கணினி உதவியோடு கொண்டுவந்திருந்தார். தமிழ்நாட்டு வரலாற்று ஆய்வில் கணினி புதுசு என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டு புத்தகங்களையும் காட்டுங்கள்.

பெயரை எண்ணி என்ன கண்டார்கள்? அங்கேதான் சுவை. ஒரு கல்வெட்டைப் படித்தால் ஒரு மூவேந்தவேளான் தெரிவான். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை அடுக்கிப் பார்த்தால், இராசராசன் காலத்தை ஒட்டி இந்தப் பட்டம் ஏறுவதும் பின்னால் இறங்குவதும் தெரியும். நிலம் உள்ளவர்களை அரசு எப்படி அதிகாரிகளாக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்பது தெரியும். யாரும் எழுதிவைக்காத ஒரு வரலாறு எண்ணிக்கையிலிருந்து எழுந்து நிற்கிறது. தெருவில் ஒருவரைப் பார்ப்பதற்கும் கோபுரத்தில் ஏறி நின்று திருவிழாக் கூட்டத்தைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதே கராஷிமாவும் சுப்பராயலுவும்தான் 1429 வாக்கில் நடந்த ஒரு பெருங்கலகத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். விஜயநகர அதிகாரிகளும் நிலவுடைமையாளர்களும் போட்ட வரிக்கு எதிராக வலங்கை, இடங்கை எனப் பிரிந்திருந்த சாதிக் கூட்டத்தார் ஒன்றாகச் சேர்ந்து, இதற்கு மேல் கொடுக்க மாட்டோம் என்று கோயில் சுவரிலேயே எழுதிவைத்தார்கள். அப்படிப்பட்ட கல்வெட்டுகள் கிடைத்த ஊர்களில் ஒன்று எது? நம் எலவானாசூர்! இயந்திரம் 'எலவனஃபோர்' என்று படித்ததே, அதே ஊர். ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் என்று நாம் படித்த வலங்கையும் இடங்கையும் கைகோத்த இடம். இதைப் பள்ளிப் பாடத்தில் வைத்தால் பிள்ளைகள் தூங்குவார்களா?

ஒரு நாய்க்கு நடுகல் எடுத்த ஊர் தெரியுமா? பெண்ணைக்கு அந்தப் பக்கம், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர். மகேந்திரவர்மப் பல்லவன் காலம். மாட்டைக் காத்துச் செத்த வீரனுக்கு எடுத்த கல்லில் அவன் நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று தனியாக எழுதியும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம்மில் பலருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியாது. செங்கம் வட்டாரத்து நடுகற்களை எழுபதுகளில் தொல்லியல் துறை ஊர் ஊராகப் போய்த் தேடிப் பதிவு செய்தது. இன்று வயலில் உழும்போது கல் தட்டுப்பட்டால் அரை மணி நேரத்தில் படம் வாட்சப்பில் பறக்கிறது. எழுத்து தேய்ந்திருக்கிறதா? சாயுங்காலம் வெயில் சரிந்து விழும் நேரத்திலோ, ராத்திரி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தோ படம் எடுங்கள். பகலில் தெரியாத எழுத்து நிழல் கட்டி எழும்பும். சுண்ணாம்பும் மாவும் தேய்க்கவே கூடாது, கல் கெடும்.

முறையாக எடுப்பது மைப்படி. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் மற்றது கறுப்பாகவும் வரும். அப்படி நூறாண்டுக்கு மேல் தமிழ்நாடெங்கும் எடுத்த தாள்கள் எங்கே இருந்தன, தெரியுமா? ஊட்டியில் இருந்த மத்தியக் கல்வெட்டுத் துறை 1966-இல் மைசூருக்கு மாறியபோது அங்கே போய்விட்டன. 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொன்னது. பல கல்வெட்டுகளுக்கு அந்தத் தாள்தான் மிச்சம். கல்லைத் திருப்பணியில் மணல் பீய்ச்சிச் 'சுத்தம்' செய்துவிட்டார்கள். அந்தத் தாள்களை எண்மமாக்குவது எவ்வளவு அவசரம் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இனி மலை ஏறுவோம்.

கல்வராயன் மலை மக்களைப் பற்றி இணையத்தில் தேடுங்கள். அரசுப் பட்டியலில் அவர்கள் பெயர் 'மலையாளி'. தட்டிப் பாருங்கள். கேரளம் வரும்! ஓணமும் படகுப் போட்டியும் மோகன்லாலும் வருவார்கள். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட தமிழ் பேசும் பழங்குடியைத் தேடுபொறி அரபிக்கடலோரம் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பழங்குடிப் பட்டியலைத் திறந்தால் வடஆற்காடு, தென்னாற்காடு, சேலம், திருச்சி, தர்மபுரி, புதுக்கோட்டை மாவட்டத்து மலையாளிகள் என்று பழைய மாவட்டப் பெயரிலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி என்ற சொல்லே அதில் இல்லை.

மலையின் பெயரை ஆங்கிலப் பதிவுகளில் எப்படித் தேடுவது? 'கல்ராயன்' என்று, நடுவில் 'வ' இல்லாமல். அப்படித் தேடினால் கதவு திறக்கும். 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1906-இல் பிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு கெசட்டியர், 1909-இல் எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிக் குலங்களும் குடிகளும், 1918-இல் ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர். ஒரு காலத்தில் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாராவிலும் அனுமதிச் சீட்டோடு காத்திருந்து பார்த்தவை. இன்று வெள்ளிமலையில் சிக்னல் கிடைக்கிற ஒரு பாறையில் உட்கார்ந்து படிக்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் மலைகளுக்கு வந்த கதை, அவர்களோடு வந்த கரிராமன் சாமி, தங்களைக் காராள வெள்ளாளர் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம், எல்லாம் அவற்றில் இருக்கிறது.

ஆகா என்று கூவிவிட்டு அங்கேயே நின்றுவிட முடியவில்லை. ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? மேலே சொன்ன நான்கு பேரும் வெள்ளைக்கார அதிகாரிகள். காப்புரிமைக் காலம் முடிந்ததால் அவர்கள் எழுதியது இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. பின்னால் தமிழில் எழுதியவர்களின் ஆய்வேடுகள் பல்கலைக்கழக அலமாரியில் தூசி தின்கின்றன. மலைக்காரர் சொன்னது எங்குமே இல்லை. ஆகவே இணையத்தை மட்டும் நம்பிக் கட்டுரை எழுதுகிற கல்லூரிப் பிள்ளை, தன் பாட்டனைத் தர்ஸ்டனின் கண்ணால் பார்க்கிறான். கலெக்டர் ஆபீசுக்கு என்ன தேவைப்பட்டதோ அதுதான் 'மூலம்' ஆகிவிடுகிறது. எண்மமாக்கல் புதுப் புத்தகத்தைத் தரவில்லை. பழைய பார்வையை வேகமாகப் பரப்புகிறது. என் கட்சி இது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. கல்வராயன் மலையில் ஜாகிர் ஆட்சி, அதாவது பரம்பரை நிலக்கிழார்களின் ஆட்சி, எப்போது ஒழிந்தது, தெரியுமா? 1947-இல் என்பீர்கள். ஜமீன் ஒழிப்பு வந்த ஐம்பதுகளில் என்பீர்கள். இல்லை, 1976-இல்! சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகிர்களிடம் மலை இருந்தது. அவற்றை அரசு எடுத்துக்கொண்டபோது இந்தியா சுதந்திரம் பெற்று 29 ஆண்டு ஆகியிருந்தது. சென்னையில் தொலைக்காட்சி நிலையமே வந்துவிட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்து விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோதுதான் மலைக்குக் கீழே இருப்பவர்களில் பலருக்கு இந்தச் சங்கதியே காதில் விழுந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1976-இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது. ஜாகிர் காலத்தில் வாழ்ந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்! சோழனின் அதிகாரியைக் கணினி தேடிக் கொடுக்கும். இவர்களை எந்தத் தேடுபொறியும் தேடிக் கொடுக்காது.

இப்படிப்பட்டவற்றைக் காப்பாற்றியவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, பழைய புத்தகமும் நாடக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், சென்னையிலேயே நூலகமாக்கியது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு, ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் நிலப் பத்திரங்களையும் வீடு வீடாகத் தேடிப் படமெடுத்தார்கள். மூலம் வீட்டுக்காரரிடமே இருக்கும்; படம் உலகத்துக்கு. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் சாம்பலானதை மறக்காத ஈழத்தவர், 2005-இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். இனி ஓர் ஊரில் தீ வைத்தால் எல்லாம் போய்விடக் கூடாது என்று.

அதற்காக இணையத்தில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தையே இணையக் கொள்ளையர் முடக்கினார்கள். மாதக்கணக்கில் பட்டியலும் எண்மப் படங்களும் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பத்திரங்களின் படங்களும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டன. அடுத்த ஆண்டு இன்டர்நெட் ஆர்க்கைவும் அடிபட்டு விழுந்து எழுந்தது. வேண்டியதை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு படியை நண்பரிடம் கொடுத்து வையுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் காணொலி வரும். உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்திருக்கின்றன, மணற்கேணி செயலி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் திரையில் எகிப்துப் பிரமிடு சுழல்வதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு, பள்ளிக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் கல் நடுகல் என்று தெரியாவிட்டால் என்ன பயன்? எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வேறு வழியில் போகிறார். பிள்ளைகளிடம் கைப்பேசி கொடுத்து, உன் ஊர்க் கோயில் சுவரில் எழுத்து இருந்தால் படம் எடுத்து வா என்கிறார். முதல் வாரம் கட்சிச் சுவர் விளம்பரம் எல்லாம் வந்தது. மூன்றாம் வாரம் ஒரு பெண் கொண்டுவந்தது பழைய எழுத்து. அது ஏற்கெனவே அச்சில் வந்ததுதான்; ஆனால் தான் தினமும் சாய்ந்து உட்காரும் சுவரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒருவன் விளக்கெரிக்க ஆடு கொடுத்த கணக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்லி மாளவில்லை அவருக்கு.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் என்ன? கேட்டேன். கல்வராயன் மலைக் கல்வெட்டு ஒன்றைப் பற்றி, ஆண்டறிக்கை எண்ணோடு, அரசன் பெயரோடு, அழகாகப் பதில் தந்தது ஒரு செயலி. எனக்குப் புல்லரித்தது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணில் இருந்தது வேறு மாவட்டத்துக் கோயில்! திரும்பக் கேட்டேன், மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு பொய் எண்ணைத் தந்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: எண் சொன்னால் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் நம்புவதில்லை. வாட்சப்பில் வரும் 'பத்தாயிரம் ஆண்டு' செய்திகளுக்கும் இதே மருந்துதான்.

கடைசியாக ஒரு வேலை. கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறுகிற பிள்ளைகளுக்கும், மலையிலேயே பிறந்து கீழே கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் குரல்பதிவைத் தட்டிவிட்டு ஆயாவின் பக்கத்தில் உட்காருங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். "ஆயா, ஜாகிர் இருந்தப்ப நீ சின்னப் பொண்ணா? அவங்களுக்கு என்ன அளந்தீங்க? யார் வந்து வாங்கிட்டுப் போவாங்க? கீழ போக ரோடு எப்ப வந்துச்சு?" என்று கேளுங்கள். நடுவில் பேச்சை மறிக்காதீர்கள். "அதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்ப?" என்பார்; அதையும் சேர்த்தே பதியுங்கள். முடிந்ததும் அந்தக் கோப்புக்கு ஊர்ப்பெயர், ஆயாவின் பெயர், தேதி மூன்றையும் யூனிகோடு தமிழில் வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். 'நியூ ரெக்கார்டிங் 17' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.